டிசம்பர் தாளில் ஒரு சிவப்புப் புள்ளி

நவம்பர் 9, ஞாயிறு

வெறும் வயிற்றில் சர்க்கரை 162.

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னது இந்த எண்ணை மட்டும்தான். அதற்காக பிரஸ்ஸிலிருந்து ஒரு டைரி எடுத்து வந்தேன். அடுத்த வருட டைரி. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டதால் கழிவில் கிடந்தது. சிவகாசியில் இருப்பவனுக்கு டைரிக்கும் காலண்டருக்கும் பஞ்சமா? அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமனே விட மனசு வரவில்லை. தாளை வீணாக்கிப் பழக்கமில்லை.

இது தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால் தெரிந்துகொள்ளட்டும்: பெயர் ரத்தினவேல். கலர் கரெக்‌ஷன் வேலை. ஒரே பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷம். மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பு, ஜவுளிக்கடைக்காரரின் வழுக்கை, தலைவர்களின் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பு எல்லாம் என் கையில்தான் மறைகின்றன. ஒரு புள்ளி கண்ணில் பட்டால் அதைத் துடைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பூரணத்தின் கன்னத்து மச்சத்தைக்கூட நான் அப்படித்தான் பார்க்கிறேனாம். கட்டின நாளிலிருந்து இதைச் சொல்லிச் சண்டை போடுகிறாள்.

நவம்பர் 11, செவ்வாய்

158.

காலண்டர் சீசன். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை. இந்த நேரத்தில் ஒரு டீச்சரம்மாவை அண்ணாச்சி (எங்கள் முதலாளி) என் அறைக்கே கூட்டி வந்துவிட்டார். ஹெலன் ஜெபமணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வானியல் மன்றம் நடத்துகிறாராம். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு வான் படங்கள். பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஒரு தொலைநோக்கி நிற்கிறதாம். அது அனுப்பிய படங்களாம்.

“இது நம்ம கண்ணு பாக்குற வெளிச்சம் இல்லண்ணே, அகச்சிவப்பு. இஸ்திரிப் பெட்டி பக்கத்துல கையைக் கொண்டுபோனா தொடாமலே சுடுதுல்ல? அந்த மாதிரி வெளிச்சத்த அது பாக்கும்.”

நல்லாத்தான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். போகும்போது ஒரு தாளை நீட்டி, “இதைப் படிச்சிட்டு வேலை ஆரம்பிங்க. படத்துல எதையும் தொட்டுறாதீங்க” என்றார். என்னிடம்! இருபத்தேழு வருஷம் கழித்து ஒருவர் வந்து எனக்குக் கலர் வேலை சொல்லித் தருகிறார். அந்தத் தாளை நான் படிக்கவில்லை. டீ கிளாஸ் வைக்க உதவியது.

நவம்பர் 13, வியாழன்

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். இந்த மாதிரிப் படங்களை நான் பார்த்ததில்லை. மார்ச் மாதப் படத்தில் துருப்பிடித்த நிறத்தில் மலை மலையாகத் தூசி. அதற்குள்ளே நட்சத்திரங்கள் பிறக்கின்றனவாம். ஜூலையில் ஒரு வளையம், முட்டையின் மஞ்சள் கரு உடைந்து பரவியதுபோல. பெரிய நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் எட்டு முள். முதலில் அந்த முள்ளையெல்லாம் எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். தொலைநோக்கியின் கண்ணாடி அமைப்பால் வருவது, இருக்கட்டும் என்று டீச்சர் போனில் சொன்னார்.

எனக்கு ஒரு சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்றால் இந்த நிறமெல்லாம் எங்கிருந்து வந்தது? கேட்டேன். அங்கிருந்து வருவது கறுப்பு வெள்ளைதானாம். எந்த அலைக்கு எந்த நிறம் என்று முறை வைத்து, ஆட்கள் உட்கார்ந்து நிறம் ஏற்றுகிறார்களாம்.

“அப்போ அங்கயும் ஒரு கலர் கரெக்‌ஷன்காரன் இருக்கான்னு சொல்லுங்க” என்றேன். சிரித்தார். எனக்கு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

171. பூரணத்தின் தங்கை வீட்டு அதிரசம்.

பன்னிரண்டு படத்துக்கும் மாதிரித் தாள் எடுத்து டீச்சருக்குக் கொடுத்தோம். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். டிசம்பரை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, அனுப்பும் முன் கடைசியாக ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். டிசம்பர் படம் ஒரே இருட்டு. அதில் ஆயிரக்கணக்கில் பொடிப்பொடியாக நட்சத்திரக் கூட்டங்கள். அழகுதான். ஆனால் ஓரங்களில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள், ஊசி முனை அளவில், வடிவமே இல்லாமல். கேமராவில் ஏதோ கோளாறு. அப்படியே அச்சானால் மை தெறித்த மாதிரி இருக்கும். பார்க்கிறவன் எங்கள் பிரஸ்ஸைத்தான் சொல்வான். துடைத்தேன். துடைத்த இடம் தெரியாதபடி பக்கத்துக் கறுப்பைக் கொண்டுவந்து மூடினேன். மூன்று மணி நேரம். யாரும் கேட்காமல் இத்தனை செய்கிறவன் எவன் இருக்கிறான்?

நவம்பர் 22, சனி

டீச்சர் காலண்டர் அச்சாகிவிட்டது. மெஷினில் தங்கமாரி. கறுப்பு அத்தனை ஆழமாக வேறு யார் கையிலும் வராது. 149.

டிசம்பர் 1, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்கு டீச்சர் வந்தார். சனிக்கிழமை வெளியீட்டு விழா நடந்திருக்கிறது. நானூறு பிள்ளைகள். எல்லார் கையிலும் பூதக்கண்ணாடி கொடுத்து ஒரு போட்டி. டிசம்பர் தாளின் அடியில் அவர் எழுதியிருந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார்: ‘இந்தப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு சிறிய சிவப்புப் புள்ளி இருக்கிறது. மனிதர்கள் இதுவரை பார்த்த மிகத் தொலைவான நட்சத்திரக் கூட்டங்களில் அதுவும் ஒன்று. கண்டுபிடியுங்கள்!’ அந்த வரியைச் சேர்ப்பது தட்டச்சுப் பிரிவு வேலை. நான் பார்த்ததில்லை.

நானூறு பிள்ளைகளும் முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் அழுதே விட்டாளாம், தன் கண்ணில்தான் கோளாறு என்று.

“ஆயிரத்து முந்நூறு கோடி வருஷம் பயணம் பண்ணி வந்த வெளிச்சம்ண்ணே அது. பாதி வழியில தொலையல. சிவகாசியில வந்து தொலைஞ்சிருக்கு” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

டீச்சர் கையெழுத்துப் போட்ட மாதிரித் தாளை அண்ணாச்சி கொண்டுவரச் சொன்னார். அதில் புள்ளி இருந்தது, சிவப்பாக, ஜம்மென்று. அச்சில் இல்லை. “கையெழுத்துக்கு அப்புறம் படத்த யாரும் தொட மாட்டாங்க. அப்போ மெஷின்ல போயிருக்கு” என்றார் அண்ணாச்சி.

நான் தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

188.

மெஷின் அறையில் விசாரணை. அச்சில் நிறத்துக்கு ஒரு பிளேட்; சிவப்பு விழ வேண்டிய இடத்தைக் கறுப்பு பிளேட்டில் காலியாக விட்டிருப்போம். பிளேட்டில் வேண்டாத புள்ளி ஏதாவது இருந்தால் அதை அழிக்க மெஷின்காரர்களிடம் ஒரு பேனா இருக்கும். தங்கமாரி சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அண்ணாச்சி அந்தப் பேனாவை அவன் பையிலிருந்து எடுத்து எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். “தூசின்னு நெனச்சுத் தொடச்சிட்டியா? உண்மையச் சொல்லு.”

“தொடவே இல்ல அண்ணாச்சி. எம்புள்ள மேல சத்தியமா. நான் சிவப்ப அழிச்சிருந்தா கறுப்பு பிளேட்ல அந்த இடம் ஓட்டையாவே இருக்கும்ல? தாள்ல வெளுத்துப்போய்த் தெரியும்ல? இங்க பாருங்க, மொழுக்குன்னு கறுப்பா இருக்கு. இது மெஷின்ல போனதில்ல.”

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அங்கே நின்றவர்களில் அது சரி என்று தெரிந்தவன் நான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஏய்யா ரத்தினம், நீ சொல்லு. இவன் சொல்றது சரியா?”

தங்கமாரியும் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. அண்ணன் சொல்லிவிடுவார் என்று நின்றான்.

“அப்படி உறுதியாச் சொல்ல முடியாது அண்ணாச்சி. மெஷின்ல என்ன வேணா நடக்கலாம்” என்றேன்.

இதற்கு மேல் என்ன எழுத? மதியத்துக்குள் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலண்டர்களைத் திரும்ப வாங்கி டிசம்பர் தாளை மட்டும் மறுபடி அச்சடிக்க முடிவானது. படத்தை அனுப்பச் சொன்னார்கள். பழைய, தொடாத படத்தை அனுப்பினேன். துடைத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அழித்தேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. பூரணம் வாசலில் விளக்கு வைக்கக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பொய் எழுதியிருக்கிறேன். என் டைரியில், எனக்கே.

டீச்சர் கொடுத்த தாளைப் படிக்கவில்லை என்று 11-ம் தேதியில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு வரியைப் படித்தேன். ‘தயவுசெய்து படங்களில் எந்தப் புள்ளியையும் துடைக்க வேண்டாம். குறிப்பாக டிசம்பர் படத்தில் உள்ள சிவப்புப் புள்ளிகள்.’ படித்த பிறகுதான் அதன்மேல் டீ கிளாஸை வைத்தேன்.

துடைக்கும்போது மறந்துபோயிருந்தேன் என்று இன்று காலைவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. துடைக்காதே என்று எனக்கு யார் சொல்வது என்ற திமிர். இருபத்தேழு வருஷத்தில் நான் துடைத்ததை ஒருவனும் கண்டுபிடித்ததில்லை என்ற திமிர்.

ஏன் சிவப்பு என்று இன்று டீச்சரிடம் போனில் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “தூரத்துல இருந்து வர வர அந்த வெளிச்சத்த வானமே இழுத்து நீட்டிரும்ண்ணே. நீண்டு நீண்டு சிவப்பாகி, அதுக்கும் கீழ போயி, கண்ணுக்கே தெரியாம ஆயிரும். அதப் பாக்குறதுக்குன்னே அனுப்புன தொலைநோக்கி இது. அந்தப் படத்துல மத்ததெல்லாம் சாதாரணம். அந்தப் புள்ளிதான் விசேஷம்” என்றார். பிறகு, “பாவம், அந்த மெஷின்காரரத் திட்டாதீங்கண்ணே. தெரியாமத்தான செஞ்சிருப்பாரு” என்றார்.

சீ என்று ஆகிவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

204. மாத்திரையை மறக்கவில்லை.

செல்வக்கனி என் அறைக்கு வந்தாள். தங்கமாரியின் பெண்டாட்டி. எங்கள் பைண்டிங் பிரிவில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கும் வேலை. புது டிசம்பர் தாளை வைப்பதற்காகப் பழைய தகரத்தைப் பிரிப்பதும் மறுபடி அடிப்பதும் இப்போது அவள்தான். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. கூட இருக்கும் பெண்கள், “உம் புருசன் தொடச்சத நீதான ஒட்டணும்” என்று கேலி பேசுகிறார்களாம்.

“அண்ணே, மூணு பிரஸ்ல போய்க் கேட்டுட்டாரு. ‘பிளேட்டத் தொடச்சது நீதானே’ன்னு கேக்குறாங்களாம். ஊரு பூரா பரவிருச்சு. இப்ப லாரி செட்டுல பண்டல் ஏத்திக்கிட்டு இருக்காரு. நீங்க பெரியவுக. அண்ணாச்சி உங்க பேச்சக் கேப்பாக. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

“சொல்றேம்மா” என்றேன். எழுந்து போகும்போது நான் குடித்துவிட்டு வைத்த கிளாஸையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 10, புதன்

சொன்னேன். அண்ணாச்சியிடம், அவர் அறையில், கதவைச் சாத்திவிட்டு. நான்தான் துடைத்தேன், கையெழுத்தான பிறகு துடைத்தேன், தங்கமாரி சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லி முடித்தேன்.

அண்ணாச்சி கணக்குப் பிள்ளைக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“கறுப்பு பிளேட்ட அன்னைக்கே லென்ஸ் வெச்சுப் பாத்துட்டேன்யா, ஓட்டையே இல்ல. நாப்பது வருசமா என்னத்தப் பிரஸ் நடத்துறேன்? சீசன்ல மெஷினுக்கு ஆள் கெடைக்கும். ஒன்ன மாதிரி கலருக்கு ஆள் கெடைக்குமா? டீச்சருக்கு யாரையாவது காட்டணும்ல. பொங்கல் கழியட்டும், அவனத் திரும்பக் கூப்பிட்டுக்குவோம். நீ வாயத் தொறக்காத. போ.”

வெளியே வந்தேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதாமல் விடலாம், ஆனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, அவரே வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய என்று நினைத்தேன். கேண்டீனில் இரண்டு வடை தின்றேன். ருசித்துத் தின்றேன்.

டிசம்பர் 13, சனி

அளவு பார்க்கவில்லை.

மாலை பைண்டிங் பக்கம் போக வேண்டியிருந்தது. செல்வக்கனி என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். அண்ணாச்சியிடம் பேசினீர்களா என்று கேட்பாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“அண்ணே, இனிமே சொல்ல வேண்டாம். விட்டுருங்க.”

“ஏம்மா?”

“அவரே இப்பச் சொல்றாருண்ணே. ‘ஒருவேளை நாந்தான் கை மறதியாத் தொடச்சிட்டனோ செல்வக்கனி’ங்குறாரு. ‘ரத்தினண்ணனே அப்படிச் சொல்லிட்டாரு, அவருக்குத் தெரியாதா’ன்னு. ராவும் பகலும் கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பண்ணாத தப்புன்னா சண்டை போடலாம். பண்ணிட்டாருன்னா என்னண்ணே செய்ய?”



டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலேயே போனேன். திருத்தங்கல் போகும் வழியில், ரயில்வே கேட்டைத் தாண்டி தங்கமாரியின் வீடு. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் போனதில்லை. என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தான். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் வாய் திறக்கும் முன் அவன் ஆரம்பித்தான்.

“மன்னிச்சிருங்கண்ணே. எம்புட்டுப் பாடுபட்டு அந்தப் படத்தச் செஞ்சிருப்பீங்க. கெடுத்துப்புட்டேன்.”

மன்னிப்பு! என்னிடம்! அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

சொன்னேன். அண்ணாச்சியிடம் சொன்னதைவிட இது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. டீச்சர் கொடுத்த தாளைச் சொன்னேன். அதைப் படித்ததைச் சொன்னேன். துடைத்ததை, விசாரணையில் நான் சொன்ன பொய்யை, கம்ப்யூட்டரில் அழித்ததை, வடை தின்றதைக்கூடச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான்.

“அப்போ நான் தொடலையாண்ணே?”

“நீ தொடல.”

“நெசமாவா? எங்கை படவே இல்லையா?”

“படவே இல்லப்பா. நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. நீ அழிச்சிருந்தா கறுப்பு பிளேட்ல ஓட்டை இருந்திருக்கும்.”

“ஏய் செல்வக்கனி!” என்று கத்தினான். “இங்க வா! நான் தொடலையாம்! அண்ணனே சொல்றாரு, நான் தொடலையாம்!” சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனை நடுத்தெருவில் நிறுத்தியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்கு அது தோன்றவே இல்லை. தன் கை சுத்தம் என்ற ஒன்றே அவனுக்குப் போதுமாக இருந்தது. அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் இத்தனை வலித்திருக்காது.

செல்வக்கனி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை. டீ போட்டிருந்தாள், அந்த டம்ளரை என்னிடம் நீட்டாமல் அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 15, திங்கள்

காலை ஷிப்ட் ஆட்கள் வந்ததும் மெஷின் அறைக்குப் போனேன். மெஷினை நிறுத்தச் சொன்னேன். பைண்டிங் பெண்களும் வந்து நின்றார்கள். நடந்ததையெல்லாம் எல்லாரும் கேட்கச் சொன்னேன். நான்காவது வாக்கியத்தில் தடுமாறி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை, வரவும் வேண்டியதில்லை.

அண்ணாச்சி வந்து, “போதும், போய் வேலையப் பாருங்க” என்றார். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று பூரணத்திடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அனுப்பவில்லை. சீசன். தங்கமாரியை அவரே போனில் கூப்பிட்டார். அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன பிறகு அவருக்கும் வேறு வழியில்லை.

டீச்சருக்கும் போன் செய்து சொன்னேன். “அந்த மெஷின்காரருகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?” என்றார். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எல்லாம் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் கேட்கவில்லை. அவன்தான் என்னிடம் கேட்டிருந்தான்.

டிசம்பர் 17, புதன்

191.

தங்கமாரி நேற்று முதல் மெஷினில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம் முகத்தில் இல்லை. இரண்டு ராத்திரி யோசித்திருப்பான். நேற்றே அவனிடம் போய், “மன்னிச்சிருப்பா” என்றேன். மை டப்பாவைக் கலக்கிக்கொண்டே தலையை ஆட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. சரிதான்.

இன்று மதியம், கட்டி முடித்த டீச்சர் காலண்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு செல்வக்கனி வந்தாள். நான் நடைபாதையில் நின்று டிசம்பர் தாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகளும் அதனதன் இடத்தில் இருந்தன. நான் பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியவில்லை.

“கொஞ்சம் தள்ளிக்கங்க, சார்” என்றாள்.

இந்த பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். தள்ளி நின்று வழி விட்டேன்.